இருபத்து மூன்று முள்

"ஏனுங்க டீச்சர், இன்னைக்கும் முள்ளுங்களா?"

இவ்வளவுதான் சார் என் காதில் விழுந்தது. இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மில் வேன் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. நான் ஜன்னல் ஓரம். கேட்டுக்குப் பக்கத்திலேயே மாரப்பன் பஞ்சர் கடை. டீச்சர் என்று அவர் கூப்பிட்டது என் மனைவியை. கோகிலவாணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள், ஏதோ பதில் சொன்னாள், சிரித்தாள். பதில் எனக்குக் கேட்கவில்லை. சிரித்தது தெரிந்தது. அதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

அங்கேதான் ஆரம்பம். நீங்கள் கேட்டீர்களே, பஸ் கூரைமேல் எதற்கு சார் லேடீஸ் சைக்கிளைக் கட்டிக் கொண்டுவருகிறீர்கள் என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இங்கிருந்துதான் சொல்ல வேண்டும். நெடுங்கால்பட்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்றீர்கள். அது போதும். நல்லவேளை, நீங்களும் அங்கேயே இறங்குகிறவர். உங்கள் பெண் அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார் என்று நீங்களாகச் சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? முன்பின் தெரியாத ஊரில் யாரிடம் போய் வழி கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் அவளுடைய வலது பக்கம் வந்து நின்றுதான் பேச வேண்டுமாமே. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒழுங்கு வேண்டும் அல்லவா?

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. மாரப்பனுக்கு அறுபது தாண்டியிருக்கும். ஒரு கால் சரியாக மடங்காது. நீட்டிப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். அவர்மேல் எனக்கு என்ன? எனக்கு உறுத்தியது வேறு. இன்றைக்கும் என்கிறார், அப்படியென்றால் நேற்றும் நின்றிருக்கிறாள். முந்தாநாளும் நின்றிருப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் மில்லில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். பதினேழு வருடம். ஒரு இயந்திரம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நின்றால், ஏன் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். அரை நாள் லீவு போட்டுவிட்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். மூன்றே முக்காலுக்கு வந்தாள். முன் சக்கரத்தில் காற்று இல்லை. மாரப்பன் ட்யூபைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்து ஒட்டுப் போட்டார். பத்து நிமிட வேலை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். கவனியுங்கள், வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் சைக்கிள் அங்கேயே நின்றது. முடிந்துவிட்டது என்று அவரும் சொல்லவில்லை. முடிந்ததா என்று இவளும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு வேறு ஏதோ ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார், இவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பஞ்சர் கடையில் உட்கார்ந்து யாராவது படிப்பார்களா சார்?

என்ன புத்தகம் என்று எனக்குத் தெரியும். அரசாங்கப் பள்ளிக்கு ஆள் எடுக்கிற பரீட்சைக்கானது. ஆனி மாதத்தில் ஒரு நாள், "எழுதிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவள் வேலை பார்த்தது தனியார் நர்சரிப் பள்ளி, வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். பாஸ் செய்தால் எந்த மூலைக்குப் போடுவார்களோ யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்றேன். மறுபடி கேட்கவில்லை. அவள் சுபாவம் அப்படி, ஒரு தரம் சொன்னால் போதும். வீட்டில் அந்தப் புத்தகத்தை அவள் கையில் நான் பார்த்ததே இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது நான் எதுவும் கேட்கவில்லை. சத்தம் போடுவது எனக்குப் பிடிக்காது. இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன். எங்கள் பக்கம் சாலையோரம் முழுக்கச் சீமைக் கருவேலம். சைக்கிள் ஓட்டினால் முள் குத்தத்தான் செய்யும். முள் குத்தினாலும் காற்று இறங்காத சக்கரம் இருந்தால்? எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. பள்ளி விட்டால் வீடு. அவளுக்கும் எவ்வளவு சௌகரியம், யோசித்துப் பாருங்கள்.

டியூப்லெஸ் என்று பைக்கில் கேள்விப்பட்டிருப்பீர்கள். சைக்கிளுக்கும் உண்டு. அதற்கென்று தனியாக ரிம் வரும். டயர் ஓரம் போய்க் கவ்விக்கொள்ள உள்ளே ஒரு படி வைத்துச் செய்திருப்பார்கள். சாதாரண ரிம்மில் அந்தப் படி கிடையாது. போதாததற்கு ஸ்போக் துளை ஒவ்வொன்றும் காற்று போகிற ஓட்டை. பொள்ளாச்சியில் பெரிய சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன். "இந்த ரிம்முக்கு வேண்டாங்க. டயர் கழண்டு எந்திரிச்சுக்கும். யாராச்சும் பக்கத்துல இருந்தா வம்பாப் போயிரும்" என்றார். விற்கிறவர்கள் புது ரிம் வாங்க வைக்க இப்படித்தான் பேசுவார்கள்.

நானே செய்தேன். இரண்டு சக்கரத்தையும் கழற்றி ரிம்மை மணல்தாள் போட்டுத் தேய்த்தேன். காற்றுப் புகாத டேப்பை இழுத்து இழுத்து நாலு சுற்று ஒட்டினேன். டேப்பில் துளையிட்டு, அடியில் ரப்பர் வைத்த வால்வைச் செருகினேன். கோயம்புத்தூரிலிருந்து சீலன்ட் வரவழைத்தேன். பார்ப்பதற்கு எருக்கம்பால் மாதிரி இருக்கும். அதை டயருக்குள் ஊற்றிவிட்டால் சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே எல்லா இடத்திலும் பூசிக்கொள்ளும். முள் குத்தினால் அந்தத் துளைக்குள் இந்தப் பால் ஓடிப் போய் உறைந்து அடைத்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று. டயர் ஓரம் ரிம்மில் போய் உட்கார வேண்டும். கைப்பம்பு அடித்தால் உட்காராது, ஒரே மூச்சில் காற்று வேண்டும். மில்லிலிருந்து சின்ன கம்பிரசரைக் கொண்டுவந்தேன். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினேன். சக்கரத்தை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவள்தான் பிடித்தாள். மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போதுங்க, போதுங்க" என்றாள். மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது நான், எது போதும் என்று எனக்குத் தெரியாதா?

வெடித்தது. டயர் கழன்று எகிறியது. தெருவில் நாய் எல்லாம் குரைத்தது. பால் முழுக்க அவள் முகத்தில். அவள் துடைக்கவே இல்லை சார், அப்படியே மண்டியிட்டிருந்தாள். முகத்தில் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. காய்ந்தால் பிடித்துக்கொள்ளும், போய்க் கழுவு என்று நான்தான் சொன்னேன். சொன்னது காதில் விழாத மாதிரி இருந்தாள். முடியில் ஒட்டிய இடத்தைக் கத்தரிக்க வேண்டியதாகிவிட்டது. இடது காதில் கொய்யென்று சத்தம் வருகிறது என்று நாலு நாள் சொன்னாள். பிறகு சொல்லவில்லை, சரியாகிவிட்டது. என்ன, அதற்கப்புறம் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கொஞ்சம் திமிர் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன சார், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள்? இன்னும் நேரம் இருக்கிறதே. கண்டக்டர்கூட டிக்கெட் போட்டு முடித்துவிட்டு இங்கேயே சாய்ந்து நின்று கேட்கிறார் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்தானே? நீங்கள் ஏறும்போதே சிரித்தாரே.

இரண்டாவது தடவை டேப் இன்னும் இரண்டு சுற்றுப் போட்டேன். டக் டக்கென்று இரண்டு சத்தம், உட்கார்ந்துகொண்டது. அவள் அப்போதும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தாள். ஆடி பதினெட்டுக்கு முந்தின நாள் அது.

மறுநாளிலிருந்து நாலேகாலுக்கு வீட்டில் இருந்தாள். மாரப்பன் கடைப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப என்ன வேலை? ஒரு நாள் அவளுடைய பையில் பேனா தேடியபோது, பக்கவாட்டு ஜிப்பில் ஒரு கருவேல முள் காகிதத்தில் மடித்து இருந்தது. நீளமானது, நல்ல கூர். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன். தூக்கிப் போட்டுவிட்டேன், கையில் குத்திவிடுமே.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். நாலேகால் நாலே முக்கால் ஆனது. கேட்டால் பள்ளியில் வேலை என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? டயர் இருக்கிறதே.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் முள் அங்கேயே நிற்கும், காற்று இறங்காது. முள்ளைப் பிடுங்கினால் அந்த இடத்தில் பால் கசிந்து உறைந்து வெள்ளையாக ஒரு பொட்டு. அழியாது. சாயங்காலம் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் அன்றைய கதை முழுக்க அதில் இருக்கும். தார் ரோட்டில் வந்தால் கண்ணாடிச் சில்லு, கம்பித் துண்டு. முள், அதுவும் பச்சை முள், வாய்க்கால் கரையில் வந்தால்தான். அப்படியென்றால் வாய்க்கால் கரையில் வந்திருக்கிறாள். மதகுக் காவல்காரரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். ஒரு அம்மா தினமும் மதகுத் திட்டில் உட்கார்ந்து படிக்கும் என்றார். அப்படிப் போகட்டும்.

நான் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. அன்றன்றைக்குக் கிடைத்த முள்ளை அவள் சாப்பிடுகிற தட்டில் உப்பு வைக்கிற இடத்தில் வைப்பேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவள் அதைப் பார்ப்பாள், சோற்றைப் பிசைந்து சாப்பிடுவாள், உப்பு வேண்டும் என்று கேட்க மாட்டாள். சாப்பிட்டு முடித்ததும் முள்ளை எடுத்துக் கழுவி என் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுவிடுவேன். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருப்பேன். இதைவிடப் பொறுமையாக ஒரு புருஷன் சொல்ல முடியுமா? மில்லில் என் நண்பர்கள் சிலர் வீட்டில் நடப்பதைக் கேட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது.

ஐப்பசி வரைக்கும் இருபத்து மூன்று முள்.

இருபத்து மூன்றாவது முள்ளை வைத்த அன்று அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது எப்படித் தெரியுதுங்க உங்களுக்கு?" என்றாள். அவளாகக் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூட்டிக்கொண்டு போய்ச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினேன். வெள்ளைப் பொட்டு ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு இது இன்ன தேதி, இது இன்ன தேதி என்று சொன்னேன். குனிந்து நின்று, வலது காதைத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "டயர்தான் பாப்பீங்களா?" என்றாள். டயர் மட்டும்தான், டயர் பொய் சொல்லாது என்றேன்.

தீபாவளிக்குப் புது டயர் இரண்டு வாங்கிப் போட்டேன். பழசு எல்லாம் போகட்டும், புதிதாக ஆரம்பிப்போம் என்று. அவளும் சரி என்றாள்.

அதற்கப்புறம்தான் சார் நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு பொட்டு கிடையாது. கார்த்திகை போனது, மார்கழி போனது, ஒரு முள் கிடையாது, ஒரு கீறல் கிடையாது. புது டயரில் ரப்பர் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? ஓட்ட ஓட்ட ஒரு வாரத்தில் தேய்ந்து உதிர்ந்துவிடும். இவள் டயரில் இரண்டு மாதம் கழித்தும் ஓரத்து முடி முழுக்க அப்படியே இருந்தது. நடுவில்கூட அங்கங்கே இருந்தது. தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்வருகிறாள், ஒரு முடி உதிராமல் ஓட்டுகிறாள் என்றால் எவ்வளவு பக்குவமான கை? மில்லில் எல்லோரிடமும் சொன்னேன். தெருமுனை பஸ் ஸ்டாப் பக்கத்தில் பேக்கரி வைத்திருப்பவர்கூட ஒரு நாள் நான் ரொட்டி வாங்கப் போனபோது, "டீச்சர் சைக்கிள் பத்திரமா இருக்குதுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல மனுஷன், ஏதோ அக்கறையாகச் சொல்கிறார் என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தை மாதம் பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பாலை அவ்வப்போது மாற்ற வேண்டும். உள்ளே எல்லா இடத்திலும் பூசியிருக்க வேண்டியது, ஒரே இடத்தில் திரிந்த பாலாகக் கட்டியாகக் கிடந்தது. சக்கரமே சுற்றாத மாதிரி. மட்டமான சரக்கு. கம்பெனிக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை.

வைகாசி கடைசியில் ஒரு நாள். அன்று ஓவர்டைம் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. சைக்கிள் வாசலில் நின்றது, துடைத்து வைத்திருந்தாள். உள்ளே தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தது. பக்கத்தில் ரசம், கத்தரிக்காய்ப் பொரியல். மூடியை எடுத்தேன். உப்பு வைக்கிற இடத்தில் இருபத்து மூன்று முள்ளும் இருந்தன. தேதிக் காகிதத்தோடு. எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறையவில்லை. கையை வைத்து எடுக்கிற மாதிரி இல்லை, அப்படிக் கூர் வெளியே பார்க்க அடுக்கியிருந்தாள். அவளுடைய துணிமணி இல்லை. சான்றிதழ் வைக்கிற ஃபைல் இல்லை.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். மிச்சம் வைக்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

நர்சரிப் பள்ளித் தாளாளர்தான் விஷயத்தைச் சொன்னார். பரீட்சையில் பாஸாம். நெடுங்கால்பட்டி ஊராட்சிப் பள்ளியில் வேலையாம். எங்கள் டீச்சர் ஒருவர் அரசாங்கத்துக்குப் போயிருக்கிறார் என்று பெருமை வேறு அவருக்கு. உங்களுக்குத் தெரியாதா சார் என்று கேட்டார். தெரியும் என்றேன்.

எப்போது படித்தாள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நேரமே இல்லையே. டயர் சுத்தமாக இருந்ததே.

போன வாரம் மில்லில் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சண்டை போடப் போகவில்லை, பயப்படாதீர்கள். முகத்தை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள்? அவள் சைக்கிளை விட்டுவிட்டு வந்துவிட்டாள், புது ஊரில் எப்படிப் போவாள் வருவாள்? அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். புதுப் பால் ஒரு பாட்டில் பையில் இருக்கிறது. சின்ன கம்பிரசர் ஒன்று சொந்தமாகவே வாங்கிவிட்டேன், இதோ காலடியில் இருப்பது அதுதான். பள்ளிக்கு எதிரிலேயே வீடு ஏதாவது காலியாக இருக்கிறதா சார்? வாசலில் உட்கார்ந்தால் அவள் வருவதும் போவதும் தெரிகிற மாதிரி. ஒன்றும் அவசரமில்லை. முதலில் இரண்டு சக்கரத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும். அவள் பிடித்துக்கொள்வாள். ஜாமெட்ரி பாக்ஸும் கொண்டுவந்திருக்கிறேன்.

கண்டக்டரை எதற்கு சார் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறீர்கள்?

பஸ் நிற்கிறது. இது எந்த ஊர்? பலகையில் யாரோ கல்யாண போஸ்டரை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். மஞ்சள் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதே, நீங்கள் சொன்ன அடையாளம். நெடுங்கால்பட்டிதானே?

இல்லையா? இன்னும் ஒரு மணி நேரமா? ஏறும்போது முக்கால் மணி நேரம் என்றீர்களே. சரி சரி, உங்கள் ஊர் உங்களுக்குத் தெரியாதா? நீங்களே எழுந்திருக்கவில்லை, அப்புறம் என்ன. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். கண்டக்டர், இது நெடுங்கால்பட்டி இல்லையே?

பாருங்கள், அவரும் உங்களைப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார். நல்லவேளை, நீங்கள் சொல்லாவிட்டால் அவசரப்பட்டு இறங்கியிருப்பேன்.

கீழே ஒரு பாப்பா உங்கள் ஜன்னலைப் பார்த்துக் கை காட்டுகிறது சார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. பக்கத்தில் அவள் அம்மா போலிருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் வருகிற போகிற பஸ்ஸுக்கெல்லாம் இப்படித்தான் செய்யும் போல. ஓடி வருகிறது பாருங்கள். பாவம், நீங்களும் ஒரு கை காட்டலாமே.

கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்துவிட்டார்.